அணில் உள்ளே வந்தால்

ஜூலை 3, வியாழன்

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. இன்றைக்கு ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. நாளைப்பின்னே யாரும் 'செண்பகவல்லி மேடம் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று பேச்சை மாற்றக் கூடாது.

காலையில் எங்கள் அறிவுத்தோட்டத்தின் நிர்வாகக் குழுக் கூட்டம். கோவில்பட்டிக்கு வெளியே பன்னிரண்டு ஏக்கரில் பிள்ளைகளுக்கான அறிவியல் பூங்கா. நான்கு கூடங்கள். அதில் என்ன கருவி நிற்க வேண்டும், பலகையில் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்வது நான். அதற்கு முன் இருபத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தவள்.

கூட்டத்தின் பொருள்: ஜிப்புவைப் பூங்காவுக்குள் கொண்டுவரலாமா? ஜிப்பு என்பது டிவியில் வரும் நீல அணில். தலையில் சிவப்புத் தொப்பி. தினமும் ஏதாவது ஒரு வேலையைத் தப்பாகச் செய்து கிணற்றிலோ மாவுச் சட்டியிலோ விழும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். சரக்கு அவ்வளவுதான்.

தலைவர் தாளமுத்து அண்ணாச்சி சொன்னார். "மேடம், பிள்ளைங்க வந்த அரை மணி நேரத்துல ஐஸ்கிரீம் கடைக்கு ஓடிருதுங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு உள்ள இருந்தா நிக்கும்லா?"

"அண்ணாச்சி, நாம நடத்துறது பொருட்காட்சியா, படிக்கிற இடமா?" என்றேன். "அணில் உள்ள வந்தா நான் வெளிய. எழுதிக்கிடுங்க."

பதினோரு பேர் கேட்டார்கள். அணில் கம்பெனியிலிருந்து சென்னைக்காரர் நிரஞ்சன் வந்திருந்தார். அவரும் கேட்டார். டீயை மட்டும் குடித்தார்.

கடைசியில் அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். ஒரே ஒரு கூடத்தில் இரண்டு வாரம் பரிசோதனை. முதல் வாரம் அணில் இல்லாமல், அடுத்த வாரம் அணிலோடு. வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி எழுதிய சீட்டைக் கொடுப்பது. "நீங்களே நடத்துங்க மேடம். நீங்க குடுக்குற அறிக்கைதான் முடிவு" என்றார். யார் நடத்தினால் ஒழுங்காக நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை. குழாயைக் கழற்றினால் என் வீட்டுக்காரருடைய கைக்குட்டை. முப்பது வருடமாகச் சொல்கிறேன், பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று.

ஜூலை 4, வெள்ளி

பரிசோதனைக்கு நெம்புகோல் கூடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது கடைசியில் ஒதுக்குப்புறமாக இருக்கிறது. மற்ற கூடங்களுக்கு இடைஞ்சல் இருக்காது. கழிப்பறை பக்கத்திலேயே இருப்பதும் பிள்ளைகளுக்கு வசதி.

அந்தக் கூடத்து வழிகாட்டி ஜெபக்கனி, "மேடம், அங்கன யாருமே வரமாட்டாங்களே?" என்றாள்.

"வரலேன்னா அதுவும் ஒரு முடிவுதான்" என்றேன்.

அந்தக் கூடத்தில் இருப்பது என் ஆனை. இரும்பில் செய்த இருநூறு கிலோ ஆனை. நீளமான உத்தரத்தின் ஒரு முனையில் தொங்குகிறது. மறுபக்கம் மூன்று கயிறுகள், ஒன்று உத்தரத்தைத் தாங்கும் தூணுக்குப் பக்கத்தில், ஒன்று நடுவில், ஒன்று கடைசியில். பக்கத்துக் கயிற்றை நாலு பேர் இழுத்தாலும் ஆனை அசையாது. கடைசிக் கயிற்றை ஒரு பிள்ளை தொங்கி இழுத்தால் எழும்பிவிடும். பக்கத்தில் ஏழு வரியில் விளக்கப் பலகை. அந்த ஏழு வரியை எழுத எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஜூலை 5, சனி

அணில் உடுப்பு பெரிய பெட்டியில் வந்தது. கூடவே மூன்று பக்க விதிமுறை. உடுப்புக்குள் இருப்பவர் பேசக் கூடாது, ஒரு வார்த்தைகூட. பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. வாய்க்குள் உள்ள வலை வழியாகத்தான் வெளியே தெரியும் என்பதால், கையைப் பிடித்து நடத்த ஒருவர் வேண்டும்.

கம்பெனி தைத்த அளவுக்குப் பணியாளர்களில் பொருந்தியவர் டிக்கெட் கிழிக்கும் மந்திரமூர்த்தி ஒருவர்தான். நாற்பது வயது, ஐந்தடி இரண்டு அங்குலம். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். வீட்டில் ஜிப்புவைத் தவறாமல் பார்க்கிறவராம். அதைச் சொல்ல வெட்கப்படவும் இல்லை.

பேசத் தெரியாத ஒரு பொம்மை கல்வி நிலையத்தில் என்ன செய்யும்? அறிக்கையின் முடிவுரையை இன்றே எழுதிவிட்டேன். 'கவனச் சிதறல்' என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன். எண்களை மட்டும் பிறகு நிரப்பினால் போதும்.

ஜூலை 9, புதன்

இன்று நானே கூடத்தில் நின்று விளக்கினேன். நாற்பது பிள்ளைகள். கேள்வி கேட்டேன், ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு கவனம்.

ஜூலை 12, சனி

முதல் வாரம் முடிந்தது. 286 பிள்ளைகள். மூன்றாவது கேள்விதான் முக்கியம்: 'கடைசிக் கயிறு ஏன் சுலபமாக இருக்கிறது? உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.' 149 பேர் சரி. அதாவது பாதிக்கு மேல். இதில் 112 பேர் பலகையின் முதல் வரியை எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறார்கள். படித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

மாலையில் இட்லிக்கு அரைத்தேன். உளுந்து சரியில்லை, பொங்கவே இல்லை. கடைக்காரரிடம் திங்கட்கிழமை ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

ஜிப்பு வந்தது. பத்து மணிக்குப் பள்ளி பஸ் ஒன்று வந்து நின்றது. ஒரு பிள்ளை பார்த்துவிட்டுக் கத்தியது. அவ்வளவுதான், அறுபது பிள்ளைகளும் மற்ற மூன்று கூடத்தையும் விட்டுவிட்டு, கழிப்பறையையும் தாண்டி, நெம்புகோல் கூடத்துக்கு ஓடின. நான் வரிசையாக வரச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

ஜிப்புவை ஓரமாக நின்று கையாட்டச் சொல்லியிருந்தேன். அது என்ன செய்தது தெரியுமா? நேராகப் போய் ஆனையின் பக்கத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. அசையவில்லை. காலை உத்தரத் தூணில் ஊன்றி இழுத்தது. கயிறு நழுவி மல்லாக்க விழுந்தது. கூடமே அதிர்ந்தது.

இருபது நிமிடம் கழித்து உடுப்பு அறையில் மந்திரமூர்த்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களை யாரு கயித்த இழுக்கச் சொன்னா?"

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "மேடம், ஜிப்புன்னா தப்பா செய்யணும்லா. சரியா செஞ்சா, இது வேற எவனோன்னு பிள்ளைங்க கண்டுபிடிச்சிரும்" என்றார்.

நல்ல நியாயம். தப்பைச் செய்து காட்டுவதற்கு ஒரு கல்விப் பூங்கா! இப்படியே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். சீட்டில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஜூலை 15, செவ்வாய்

சீட்டுகளைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை. மூன்றாவது கேள்விக்கு ஒரு பையன், 'ஆனை கொஞ்சம் ஏறணும்னா நாம நிறைய இறங்கணும், அதான்' என்று எழுதியிருக்கிறான். ஐந்தாம் வகுப்பு. இன்னும் பல சீட்டுகள் அதே மாதிரி.

ஜெபக்கனியைக் கூப்பிட்டு, "நீ விடை சொல்லிக் குடுக்கியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "நான் வாயே திறக்கல மேடம். ஜிப்பு கைய பிடிக்கவே நேரம் சரியா இருக்கு. நீங்க வந்து நின்னு பாருங்க" என்றாள்.

எனக்கு நேரம் எங்கே இருக்கிறது. ஸ்கூட்டர் வேறு பஞ்சர்.

ஜூலை 16, புதன்

மந்திரமூர்த்தி நாளைக்கு வரமாட்டாராம். தங்கச்சி மகளுக்குக் காது குத்து. இவர்தான் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் இவர்.

"வேற யாராவது மடியில வச்சா ஆகாதா?" என்றேன்.

"மேடம், ஆனைய வேற யாரு வேணும்னாலும் தூக்கலாம். இதுக்கு நான்தான்" என்றார். லீவ் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு நாள் அணில் இல்லாமல் போனால் பரிசோதனை செல்லாது. பிறகு நிரஞ்சன், 'இன்னொரு வாரம் வேண்டும்' என்று ஆரம்பிப்பார். உடுப்புக்குள் போகும் உயரத்தில் இந்தப் பூங்காவில் இன்னும் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். நான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "நீ இருபது நிமிஷம் பேசாம இருப்பியா?" என்றார்.

இருக்க முடியாதா என்ன. பெரிய வித்தையா இது?

ஜூலை 17, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

உடுப்புக்குள் வெயிலைவிட மோசமான சூடு. தலைக்குள் ஒரு குட்டி மின்விசிறி, அது சத்தம் மட்டும் போடுகிறது. மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை. வலை வழியாக உலகம் ஒரு தட்டு அளவுக்குத்தான் தெரிகிறது. ஜெபக்கனி முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். நாற்பது பிள்ளைகள் என் வாலைப் பிடித்து இழுத்தன. நான் நாற்பது பிள்ளைகளிடம் 'சும்மா இருங்க' என்று சொல்ல முடியாமல் நின்றது என் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

பக்கத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. விழ வேண்டும் என்று தெரியும், ஆனால் அதற்கு மனசு வரவில்லை. உட்கார்ந்தேன். அதற்கே சிரித்தார்கள்.

அப்போது ஒரு சிறுமி முன்னால் வந்தாள். ஐந்தாம் வகுப்பு இருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"ஜிப்பு, ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா? இங்கன இல்ல, அங்கன வா" என்று கடைசிக் கயிற்றுக்குக் கூட்டிப் போனாள். அவளே இழுத்தாள். ஆனை எழும்பியது. "பாத்தியா? இங்கன வந்து இழுத்தா ஆனைக்குக் கனம் கொறைஞ்சிரும்."

தப்பு. முழுத் தப்பு. ஆனையின் கனம் எப்படிக் குறையும்? இரும்பு அப்படியேதானே தொங்குகிறது! இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையையும் இப்படி ஒரு தப்போடு வாசலைத் தாண்ட விட்டதில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஜெபக்கனி என் முழங்கையை நசுக்கினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். பெரிய தலை. ஆட்டினால் கழுத்து வலிக்கிறது.

"புரியலையா?" என்றாள் அவள். எனக்காகப் பாவப்பட்டுத்தான் கேட்டாள்.

பின்னால் இருந்து ஒரு பையன், "ஆனை கனம் எப்படிட்டி கொறையும்? அதுல இருந்து என்ன கீழ விழுந்துச்சு?" என்றான்.

அவள் யோசித்தாள். நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். இவ்வளவு நேரம் ஒரு பிள்ளை யோசிப்பதை நான் வேடிக்கை பார்த்ததே இல்லை. எப்போதும் அதற்குள் நானே சொல்லிவிடுவேன்.

அவள் மறுபடி இழுத்தாள், இந்த முறை மெதுவாக. கயிற்றைப் பார்த்தாள், ஆனையைப் பார்த்தாள். பையனை ஆனைப் பக்கம் அனுப்பி, எவ்வளவு ஏறுகிறது என்று கையால் அளக்கச் சொன்னாள். ஒரு சாண்கூட இல்லை. இவள் கயிறோ தலைக்கு மேலே இருந்து முழங்காலுக்கு வந்துவிட்டது.

"இரு ஜிப்பு. நான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள். கொஞ்சமும் கூச்சமில்லை. "ஆனை அதே கனம்தான். அது இத்தனூண்டுதான் ஏறுது. நாமதான் இவ்ளோ தூரம் இழுக்கோம். கஷ்டத்த நீட்டிப் போட்டா லேசா இருக்கு. இப்ப புரிஞ்சுதா?"

என் ஏழு வரியில் இது இல்லை. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய ஏழு வரியிலும் இல்லை.

நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நன்றாக அழுதேன். உள்ளே கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. அவள் ஜிப்புவுக்குப் புரிந்துவிட்டது என்று மற்றவர்களிடம் கத்திக்கொண்டே ஓடினாள். அடுத்த பிள்ளை, "எனக்குச் சொல்லத் தெரியும், நான் சொல்லுதேன்" என்று கையைப் பிடித்தது.

இருபது நிமிடம் முடிந்ததும் தலையைக் கழற்றினேன். ஜெபக்கனி தண்ணீர் கொடுத்தாள். அவளிடம், "அன்னைக்கு உன்னைய அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். இன்றைக்கு இன்னும் ஐந்து தடவை உள்ளே போனேன். மூன்றாவது தடவை விழவும் செய்தேன்.

ஜூலை 18, வெள்ளி

மந்திரமூர்த்தி வந்துவிட்டார், காது குத்து வீட்டு லட்டோடு. ஜிப்பு உள்ளே ஓய்வெடுத்த நேரத்தில், கூடத்தில் இருந்த பிள்ளைகளிடம் நான் சேலையும் அடையாள அட்டையுமாகப் போய் நின்றேன். "கடைசிக் கயிறு ஏன் லேசா இருக்கு? எங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன்.

ஒருவரும் பேசவில்லை. ஒரு பிள்ளை தன் டீச்சர் முகத்தைப் பார்த்தது. இன்னொன்று பலகையைப் பார்த்து உதட்டை அசைத்தது.

இதைத்தான் நான் கவனம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 19, சனி

இரண்டாம் வாரம்: 503 பிள்ளைகள். சொந்த வார்த்தையில் சரியாக எழுதியவர்கள் 271. பலகையைப் பார்த்து எழுதியவர்கள் 9. முதல் வாரத்துச் சீட்டுகளை மறுபடி எடுத்தேன். பார்த்து எழுதிய 112 பேரை நீக்கினேன். மிச்சம் 37.

மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி எண்ணினேன். அதே 37.

ஜூலை 20, ஞாயிறு

முடிவுரையைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதியதில் ஒரு வாக்கியம் மட்டும் வர மறுத்தது. 'எதிர்பார்ப்புக்கு மாறாக' என்று எழுதினேன், அடித்தேன். 'மறுபரிசீலனைக்குரியது' என்று எழுதினேன், அடித்தேன். இவர் எட்டிப் பார்த்து, "நேரா எழுதிரேன்" என்றார். நேராக எழுதிவிட்டேன். அடுத்து இன்னொரு தாளில் ராஜினாமாக் கடிதம். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு பேர் முன்னால் சொன்ன வார்த்தை, மாற்ற முடியாது.

மத்தியானம் மீன் குழம்பு. உப்பு கூடிவிட்டது. இவர் அதையும் சாப்பிட்டார்.

ஜூலை 21, திங்கள்

பத்தரைக்குக் கூட்டம். அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள். நின்றுகொண்டே வாசித்தேன்.

'இந்த விஷயத்தில் நான் சொன்னது தப்பு. பரிசோதனைக்கு நெம்புகோல் கூடத்தைத் தேர்ந்தெடுத்தது, அங்கே யாரும் வரமாட்டார்கள் என்பதற்காக. முடிவுரையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். முதல் வார எண்களையும் எனக்குச் சாதகமாக எண்ணினேன். சரியான எண்கள் இணைப்பில் உள்ளன. ஜிப்பு நம் பூங்காவுக்கு வர வேண்டும்.'

ராஜினாமாக் கடிதத்தை அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "என்ன மேடம் இது, அன்னைக்குப் பேச்சுவாக்குல சொன்னத..." என்றார்.

"நான் பேச்சுவாக்குல எதுவும் சொல்றதில்ல அண்ணாச்சி" என்று உட்கார்ந்துவிட்டேன். தலை நிமிர்ந்துதான் இருந்தது.

நிரஞ்சனுக்கு ஏக சந்தோஷம். உடனே மடிக்கணினியைத் திறந்தார். "சார், நாங்க இன்னும் ஒரு படி மேல போறோம். இனிமே ஜிப்பு பேசும். நெம்புகோல் தத்துவத்தை முழுசா விளக்குற மாதிரி குரல் பதிவு பண்ணிடலாம். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி. விஞ்ஞானி ஜிப்பு!" என்று படத்தைக் காட்டினார். நீல அணில் ஒரு கரும்பலகை முன்னால் கையில் குச்சியோடு நின்றது.

பார்த்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணாச்சிகூட, "நல்லாத்தான இருக்கு" என்றார்.

எனக்கு அந்தப் படத்தில் இருந்தது யார் என்று நன்றாகத் தெரிந்தது. குச்சியும் கண்ணாடியும் கரும்பலகையுமாக.

"கூடாது" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். "அது பேசக் கூடாது. ஒண்ணையும் விளக்கக் கூடாது. அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊர்ல உள்ள எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், அதனாலதான் அதுக்குச் சொல்லிக் குடுக்குதுங்க. அதுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டா, பிள்ளைங்க அது முன்னாலயும் கையக் கட்டிக்கிட்டு நிக்கும். எங்கிட்ட நின்ன மாதிரி."

நிரஞ்சன் மரியாதையாகத்தான் சிரித்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்பதானே ராஜினாமா கொடுத்தீங்க? இனிமே இது எங்களுக்கும் சாருக்கும் உள்ள விஷயம் இல்லையா?"

அவர் கேட்டது சரிதான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கடிதம் அண்ணாச்சியின் கையில் இருந்தது. என் கையெழுத்து இங்கிருந்தே தெரிந்தது. இந்த அறையில் நான் எதையும் திரும்பக் கேட்டதே இல்லை.

எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

"அதத் தாங்க அண்ணாச்சி."

அவருக்குப் புரியவில்லை. "அணில் உள்ள வந்தா வெளியன்னு சொன்னீங்க. அணில்தான் வந்தாச்சே மேடம்?"

"வந்தாச்சு. அது வாயத் திறக்காம பாத்துக்கிட இங்க ஒரு ஆள் வேணும்லா."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். கையை நான் இறக்கவில்லை. அண்ணாச்சி என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, நிரஞ்சன் பக்கம் திரும்பி, "ஜிப்பு பேசாது. முதல்ல அத எழுதுங்க தம்பி, மத்ததப் பொறவு பேசுவோம்" என்றார்.

நிரஞ்சன் எழுதினார். நான் பக்கத்தில் நின்று, எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.